கையும் பெயரும்

ஆம்ஸ்டர்டாமில் 1955இல் தொடங்கிய உலகப் பத்திரிகைப் புகைப்பட ஸ்தாபனத்துக்கு 2025இல் எழுபது வயது நிறைந்தது. ஆண்டுக்கொரு படத்தைப் பொறுக்கியெடுத்துப் பரிசளித்து, மற்றவற்றோடு சேர்த்து ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். முதல் பரிசு, பந்தயத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து ஒருவன் தூக்கியெறியப்படும் படத்துக்குப் போயிற்று. பிறகு சாவு உள்ளே வந்தது, வந்தது போகவில்லை. அந்தக் கண்காட்சி எதையும் நேரில் பார்க்கும் பாக்கியம் இரணியலில் இருக்கும் எனக்குக் கிட்டியதில்லை. அச்சிலும் திரையிலும் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன். பேசக் காரணம், அந்த எழுபது வருஷ வரிசையில் ஒரு படம் நம் கரையில் எடுக்கப்பட்டது என்பதுதான்.

2004 டிசம்பர் 28ஆம் தேதி, சுனாமி வந்த மூன்றாம் நாள், ராய்ட்டரின் அர்க்கோ தத்தா கடலூரில் எடுத்த படம். அந்த ஆண்டின் சிறந்த படமாகத் தேர்வாயிற்று. மணல். மணலோடு மணலாகக் குப்புற விழுந்து கிடக்கும் ஒரு பெண். விரிந்த கைகள், வானத்தைப் பார்க்கும் உள்ளங்கைகள். ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும். அந்தக் கைக்குரிய உடலும் முகமும் சட்டத்துக்கு வெளியே. இருபது வருஷம் முந்தி, 1984 டிசம்பரில் போபாலில் பாப்லோ பார்த்தலோமியோ எடுத்து இதே பரிசைப் பெற்ற குழந்தையின் படத்தில் முகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. மண்ணுக்கு வெளியே தெரியும் அந்தக் கண்களிலிருந்து தப்ப வழியில்லை. தத்தாவோ முகத்தை மறுத்துவிடுகிறார். காட்டாததால் கனக்கிறது படம். சுனாமியைப் பற்றி அப்போது தமிழில் வந்து குவிந்த கவிதைகளில், 'கடல் தாயே' என்று விளித்து அழுத நூறை இதன் பக்கத்தில் வைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இந்த மறுப்பை உடனே புரிந்துகொள்ளும் பயிற்சி நமக்கு உண்டு. பெயரை எடு, ஊரை எடு, சாதியை எடு, மிஞ்சுவது மனிதன் என்ற நம்பிக்கையில்தான் நம் நவீனக் கதைகளில் 'அவன்' பிறந்தான். பிறகு 'அவள்'. நானும் பத்து வருஷம் இந்தக் கட்சிதான் பேசினேன். இப்போது சந்தேகம் வந்திருக்கிறது.

இரணியலிலிருந்து கொளச்சல் பத்துக் கிலோமீட்டருக்குள். அலை வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில். ஒரே குழியில் சேர்த்துப் புதைத்தார்கள். அந்தக் கரையில் சாவுக்குப் படம் எடுக்கும் வழக்கம் பழையது. பெட்டியைத் திறந்து வைத்து, சுற்றிலும் குடும்பம் நின்று, எல்லோரும் காமிராவைப் பார்ப்பார்கள். கலை நயம் தேடினால் கிடைக்காது. ஆனால் யார் மகன், யார் மருமகள், துபாயிலிருந்து யார் வந்து சேரவில்லை என்பதுவரை அதில் படிக்கலாம். அந்த டிசம்பரில் அப்படிப் படம் எடுக்கப் பெட்டியும் இல்லை, நிற்கக் குடும்பமும் இல்லை. பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு மாட்டியிருக்கும் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அங்கே உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது 'பிரபஞ்ச துக்கம்' என்ற சொல் வாயில் வராது.

தத்தாவைக் குறை சொல்லவில்லை. கேள்வி படக்குறிப்பைப் பற்றியது. எடுத்தவருக்குப் பெயர் உண்டு, ஊருக்குப் பெயர் உண்டு, தேதி உண்டு. கிடப்பவள் 'ஒரு பெண்'. அவளுடைய பெயரின்மை கலைஞனின் தேர்வா, அல்லது கேட்க நேரமில்லாததா? நம் 'அவ'னைப் பற்றியும் இதைக் கேட்கலாம்.

பரிசு கொடுக்கிறவர்களே சற்று நகர்ந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. 2024இல் பரிசு பெற்றது காஸாவில் முகமது சலேம் எடுத்த படம். துணியில் சுற்றிய ஐந்து வயதுக் குழந்தையை அதன் அத்தை அணைத்திருக்கிறாள். இங்கும் இரண்டு முகங்களும் மறைந்திருக்கின்றன, கடலூர்ப் படத்தின் உறவுக்காரப் படம் எனலாம். ஆனால் குறிப்பில் இருவருக்கும் பெயர் இருக்கிறது. எழுபதாம் ஆண்டில் சமர் அபு எலூஃபின் படம். இரண்டு கைகளையும் இழந்த ஒன்பது வயதுப் பையன். அதன் தலைப்பே அவன் பெயரும் வயதும்தான். அதே 2025 மே மாதம் ஸ்தாபனம் இன்னொன்றும் செய்தது. 1972இல் வியட்நாமில் தீப்பட்ட உடலோடு ஓடிவரும் சிறுமியின் படத்தை எடுத்தவர் நிக் உட் என்பதில் சந்தேகம் எழ, அவர் பெயரை நிறுத்திவைத்தது. சிறுமியின் பெயர் உலகத்துக்கே தெரியும், எடுத்தவர் பெயர் சர்ச்சையில்! கலைஞனின் கையெழுத்தே படைப்பு என்று நம்புகிற நாம் இந்தத் தலைகீழை யோசிக்காமல் தாண்டிப்போக முடியாது.

உருவத்தில் இந்த மூன்றையும்விடக் கடலூர்ப் படமே மேல் என்று இப்போதும் சொல்வேன். பெயர் சேர்த்தால் அது கெட்டுவிடும், வெறும் செய்தியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். சேர்த்துப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது.

பத்து வருஷம் தொடப்படாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். வாரிசு வந்தால் திரும்ப வாங்கலாம். போன மாதம் ஒரு கிழவி மகனின் பாஸ்புக்கை என் கவுண்டரில் நீட்டினாள். கடைசி வரவு 2004 நவம்பர். ஒட்டியிருந்த படத்தில் முகம் பாதி அழிந்துவிட்டிருந்தது. பெயர் மை கலங்காமல் இருந்தது.