தென்னை ஏறும் கருவி: நின்று ஏறுவதா, உட்கார்ந்து ஏறுவதா?

காய் முற்றி நிற்கிறது, ஏற ஆள் இல்லை. தென்னை வைத்திருக்கும் யாரிடம் பேசினாலும் இதுதான் முதல் குறை. பெரிய தோப்புக்காரர்கள் ஆட்களை மொத்தமாகப் பேசி வைத்துக்கொள்கிறார்கள். கொல்லையில் நாலைந்து மரம் வைத்திருப்பவர்தான் திண்டாடுகிறார். தளைக்கயிறு பழகாதவரும் உச்சிக்குப் போக உதவும் கருவிகள் இரண்டு வகையில் கிடைக்கின்றன. பொள்ளாச்சிப் பக்கத் தோப்பு ஒன்றில் இரண்டிலும் ஏறிப் பார்த்தேன். உடம்பு எதில் நோகவில்லை, எது சீக்கிரம் பழகுகிறது என்பதையே முக்கியமாகக் கவனித்தேன். உயரத்தில் உடம்பு சோர்ந்தால் கை தவறும் என்பதால், இந்தக் கருவியில் சௌகரியத்தை ஆடம்பரமாக நினைக்க முடியாது.

நின்று ஏறும் வகை

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் உள்ள செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் உருவாக்கிய வடிவம் இது. தோப்புகளில் அதிகம் புழங்குவதும் இதுதான். காலுக்கு ஒன்றாக இரண்டு இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றி மாட்டும் கம்பி வடம், கால் வைக்கும் மிதி, மேலே ஒரு கைப்பிடி. மிதியில் எடையைப் போட்டால் வடம் மரத்தை இறுக்கிப் பிடிக்கும். எடையை எடுத்துக் கைப்பிடியைத் தூக்கினால் தளர்ந்து மேலே நகரும். இடது, வலது என்று மாற்றி மாற்றித் தூக்கினால் ஏறிவிடலாம்.

மாட்டுவது சுலபம். ஏறும் முறையும் சீக்கிரம் பிடிபடும். ஆனால் புதியவர்கள் காலை நம்பாமல் கையால் உடம்பை இழுக்கிறார்கள். பாதி மரத்திலேயே முன்கையும் தோளும் கடுத்துவிடும். எடை முழுவதையும் காலில் விட்டு, கையைச் சட்டம் தூக்க மட்டும் பயன்படுத்தினால் களைப்பு பெரிதும் குறையும். மேலே போனபின் ஒரே நிலையில் நிற்பதால் கெண்டைக்கால் இறுகுகிறது. குலையை வெட்டி இறங்குவதற்கு இது போதும். வெகுநேரம் நிற்க வேண்டிய வேலைக்கு ஏற்றதல்ல.

உட்கார்ந்து ஏறும் வகை

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மாதிரி இந்த வகையைச் சேர்ந்தது. மேல் சட்டத்தில் இருக்கை, கீழ்ச் சட்டத்தில் கால் பிடிப்பு. இருக்கையில் அமர்ந்து கீழ்ச் சட்டத்தைக் காலால் மேலே இழுக்க வேண்டும். பிறகு அதன்மேல் எழுந்து நின்று, மேல் சட்டத்தைக் கையால் உயர்த்தி, மறுபடி அமர வேண்டும். கம்பளிப்புழு ஊர்வதுபோல உடம்பு மடங்கி நிமிர்ந்து மேலே போகிறது.

வேகம் குறைவு. சட்டம் பெரிது என்பதால் மரத்துக்கு மரம் கழற்றி மாட்டுவதும் சலிப்பான வேலை. ஆனால் எந்த உயரத்திலும் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். உயரத்துக்குப் பயப்படுகிறவருக்கு இருக்கை தரும் தெம்பு பெரிது. கொண்டையில் பன்னாடை நீக்குவது, காண்டாமிருக வண்டுக்கு மருந்து வைப்பது, மகரந்தச் சேர்க்கை செய்வது போன்ற நிதானமான வேலைகளுக்கு இதுவே சரி. குலைகள் தலைக்கு மேலே இருப்பதால் வெட்டும்போது எழுந்துதான் ஆக வேண்டும். இருக்கை இளைப்பாறுவதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் பொதுவானவை

தென்னையின் அடி பருமன், மேலே போகப்போக ஒல்லி. அடியில் சரியாக இருந்த வடம் மேலே தளர்ந்து, மிதி வெளிப்பக்கமாகச் சரியும். அதனால் தொடங்கும்போதே மிதியின் நுனி சற்று மேல்நோக்கி இருக்கும்படி வடத்தை அளவெடுத்து மாட்டுங்கள். சாய்ந்த மரத்திலும் மழையில் நனைந்து பாசி பிடித்த மரத்திலும் இரண்டுமே நம்பத்தக்கவை அல்ல. கொண்டையில் குளவிக்கூடு இருக்கிறதா என்று கீழேயே பார்த்துவிடுங்கள். கருவியில் இருப்பவரால் விரைந்து இறங்க முடியாது. ஏறுமுன் வடத்தில் பிரி விட்டிருக்கிறதா, கொக்கி தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் கட்டாயம்.

பட்டை இல்லாமல் வேண்டாம்

அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் மரத்தில் ஏறி அமரும் தாங்கிகளும் ஏறக்குறைய இதே மேல்சட்டம், கீழ்ச்சட்ட முறைதான். அங்கே தயாரிப்பாளர் சங்கத்தின் தரநிலைக்கு உட்பட்ட தாங்கியை வாங்கினால், முழு உடல் பாதுகாப்புப் பட்டையும் அதே பெட்டியில் வரும். நாமும் கடையில் அதைக் கேட்டு வாங்க வேண்டும். இடுப்புப் பட்டை மட்டும் போதாது. விழுந்தால் முழு எடையும் இடுப்பிலும் வயிற்றிலும் விழும். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் பட்டையை, கருவியில் அல்லாமல் மரத்தைச் சுற்றிய தனிக் கயிற்றில் இணைக்க வேண்டும். கருவி நழுவினாலும் ஆள் நிற்பார்.

எதை வாங்கலாம்?

நிறைய மரங்களில் காய் பறிப்பவருக்கு நின்று ஏறும் வகை. வீட்டு மரங்களுக்கும், வயதானவர்களுக்கும், கொண்டையில் நேரம் செலவிடுவோருக்கும் உட்கார்ந்து ஏறும் வகை. கருவியைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்று இறங்காதீர்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் நடத்திவரும் ‘தென்னை மர நண்பர்கள்’ பயிற்சி ஆறு நாள். பெண்களும் கற்றுத் தொழிலாகவே செய்கிறார்கள். பயிற்சி முதலில், பட்டை அடுத்து, கருவி அதற்குப் பிறகு. இந்த வரிசையில் வாங்குங்கள்.