விற்பவன் ஏறாத மேடை

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்று குண்டனி நாடு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் இந்த மலைக்குப் பெரும்பாலான பொருள்கள் வந்து சேர்ந்தன. ஷாம்பு பாக்கெட்டும், சிப்ஸ் சரமும், கைப்பேசி ரீசார்ஜும் அப்படித்தான் வந்து சேர்ந்தன. சாமையும் கேழ்வரகும் தினையும் விதைத்த சரிவுகளில் குச்சிக்கிழங்கு பரவியது. சேலத்துச் சேகோ ஆலைகளுக்கு அது மூட்டை மூட்டையாக இறங்கியது. கையில் காசு புழங்கத் தொடங்கியது. ரேஷன் அரிசி சாமைச் சோற்றின் இடத்தைப் பிடித்தது. 2006இல் அறிவிக்கப்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011க்குப் பிறகு வந்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் வீட்டுக்குள் பொருள்களைக் கொண்டுவந்தன. இன்று அதே சாமை நகரத்து இயற்கை அங்காடிகளில் அழகிய பொட்டலத்தில் உயர்ந்த விலைக்கு விற்கிறது.

வாங்குவது என்கிற பழக்கம் சென்னையில் நூறு ஆண்டுகளாக மெல்ல மெல்ல ஊறியது. இங்கே அது ஒரே தலைமுறையில் நடந்து முடிந்திருக்கிறது. இந்த மாற்றத்தைப் பார்த்துச் சிரிக்கவும் சிந்திக்கவும் தமிழ் நகைச்சுவை மேடை என்ன தந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நுகர்வுப் பண்பாட்டைக் கேலி செய்யும் நாடகங்கள் நம்மிடம் உண்டு. ஆனால் அவை யாரைக் கேலி செய்தன, அதில் நடித்தவர்கள் யார், யார் தந்த காசில் மேடையேறின என்று பார்க்கும்போது ஒரு பெரிய குறை கண்ணில் படுகிறது.

தொடக்கம் கோமாளியிடம் இருக்கிறது. தெருக்கூத்தின் கட்டியங்காரன் புராணத்துக்குள் நின்றுகொண்டு அன்றைய சந்தையைப் பேசுகிறவன். துரியோதனன் கொலுவுக்கு வருகிறான் என்று அறிவித்த கையோடு, ராஜாவின் கிரீடத்துக்கு எந்தக் கடையில் வாடகை கொடுத்தாய் என்று கேட்கும் உரிமை அவன் ஒருவனுக்குத்தான். எழுதி வைத்த வசனம் அவனுக்கு இல்லை. ஊருக்கு ஊர், இரவுக்கு இரவு பேச்சு மாறும். அரிசி விலை ஏறினால் அன்று இரவே அது மேடைக்கு வந்துவிடும். மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகத்தில் இதே வேலையைப் பபூன் செய்கிறார். சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வந்த அந்த நாடகங்களில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒப்பந்தமாகி வருவார்கள்; ஒத்திகை இல்லாமல் மேடையிலேயே சந்திப்பார்கள். பபூனும் டான்ஸும் சேர்ந்து செய்யும் பகுதியில் அன்றாட வாழ்க்கைதான் கதைப்பொருள். தமிழ் நாடக ஆய்வுகள் ராஜபார்ட்டுக்குக் கொடுத்த இடத்தில் பாதிகூட இந்தப் பபூனுக்குக் கொடுக்கவில்லை. டான்ஸ் வேடத்துப் பெண்களுக்கு அதுவும் இல்லை. அவர்கள் சுமந்த அவப்பெயரைச் சூசன் சைஸர் 2005இல் வெளியிட்ட ஆங்கில நூலில்தான் நாம் விரிவாகப் படிக்க நேர்ந்தது.

கோமாளியின் இந்தச் சுதந்திரத்தை நவீன மேடைக்கு முழுதாகக் கொண்டுவந்தவர் நடிகர் எம்.ஆர். ராதா. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ 1954இல் திரைப்படமாக வருவதற்கு முன்பே மேடையில் பெயர் பெற்றிருந்தது. ராதா நடித்த நாயகன், வெளிநாட்டிலிருந்து திரும்பும் மோகனசுந்தரம், அங்கிருந்து ஒரு வாழ்க்கை முறையையே இறக்குமதி செய்து வருகிறவன். உடை, பேச்சு, சிகரெட், விருந்து எல்லாமே அவனுக்குத் தான் மற்றவரைவிட உயர்ந்தவன் என்பதற்கான சாட்சிகள். பெற்ற தாயும் கட்டிய மனைவியும் அந்த அலங்காரத்துக்குப் பொருந்தாத பழைய சாமான்களாக அவனுக்குத் தெரிகிறார்கள். நுகர்வு மனிதரைப் பொருளாக்கிவிடும் என்பதை இதைவிடக் கடுமையாக வேறு எந்தத் தமிழ் நாடகமும் சொன்னதில்லை என்பது என் முடிவு. ராதா கதைக்குள்ளிருந்தபடியே அன்றைய செய்தித்தாளைப் பேசினார். 1954இல் சென்னை மாநிலத்தில் நாடக நிகழ்த்துதல் சட்டம் வந்தபோது அதன் குறி அவர்தான் என்று பேசப்பட்டது. சிரிப்புக்காக ஒரு சட்டம் வரும் என்றால் அந்தச் சிரிப்பில் சத்து இருந்தது என்று பொருள்.

என்.எஸ். கிருஷ்ணனின் வழி வேறு, கனிவானது. நாடகக் கம்பெனியில் வளர்ந்த அவர், ‘முதல் தேதி’ (1955) படத்தில் மாதச் சம்பளக்காரனின் கொண்டாட்டத்தையும் திண்டாட்டத்தையும் பாட்டாகவே பாடினார். செலவாளியை அவர் இழிவுபடுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் சபாக்கள் எனப்படும் நகரத்துக் கலை மன்றங்களின் காலம். இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் நகைச்சுவை நாடகம் என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருவது இதுதான். 1952இல் ஒய்.ஜி. பார்த்தசாரதியும் பட்டுவும் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ், காத்தாடி ராமமூர்த்தியின் ஸ்டேஜ் கிரியேஷன்ஸ், எஸ்.வி. சேகரின் நாடகப்பிரியா, 1979இல் உருவான கிரேஸி கிரியேஷன்ஸ் என்று வரிசை நீளம். நடித்தவர்களில் பெரும்பாலோர் பகலில் அலுவலகம் போய்வந்தவர்கள். சோ வழக்கறிஞர். கிரேஸி மோகன் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துத் தொழிற்சாலை வேலை பார்த்தவர். பூர்ணம் விஸ்வநாதன் அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்தவர். ஆறு மணிக்கு அலுவலகத்திலிருந்து வந்து மேக்கப் போட்டுக்கொண்டவர்கள், எதிரே உட்கார்ந்திருந்த அதே அலுவலகக்காரர்களின் வாழ்க்கையை நடித்துக் காட்டினார்கள். வாடகை வீடு, ஸ்கூட்டர் கடன், சீர்வரிசை, ஃபாரின் சாமான் மோகம், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய ஃப்ரிட்ஜ் ஆகியவற்றின் மேல் அவர்களுக்கு இருந்த பிடி உண்மையானது. கிரேஸி மோகன் தன் ஆசிரியை ஜானகியின் பெயரை நாடகத்துக்கு நாடகம் நாயகிக்கு வைத்தார். நாயகனோ பெரும்பாலும் மாது. மாது பாலாஜியும் சீனு மோகனும் பல ஆண்டுகள் ஒரே குடும்பம்போல மேடையில் வாழ்ந்தார்கள். 2019 ஜூன் 10இல் மோகன் மறைந்தபோது, தங்கள் வீட்டிலேயே துக்கம் விழுந்ததாகப் பலர் உணர்ந்தார்கள். அந்த அன்பு பொய்யல்ல.

இருந்தாலும் சொல்லியாக வேண்டும். இந்த நாடகங்கள் எப்போதும் வாங்குகிறவனைப் பார்த்தே சிரித்தன. அவனுடைய ஆசை, அவன் மனைவியின் நச்சரிப்பு, மாமனாரின் கஞ்சத்தனம் எல்லாம் மேடைக்கு வந்தன. மனைவியை நகைக்கும் புடவைக்கும் அலைகிறவளாக மட்டும் காட்டிய பழக்கம் இந்த மேடையின் தீராத கறை. விற்கிறவனோ மேடைக்கு வரவேயில்லை. தவணைத் திட்டத்தை வகுத்தவன், விளம்பரம் எழுதியவன், வட்டி வசூலிப்பவன் யாரும் பாத்திரமாகவில்லை. மேடையோரப் பலகைகளில் விளம்பரதாரரின் பெயர் இருக்கும்போது அது எளிதல்ல என்பதும் உண்மை.

கொடுக்கிறவரின் கை கலைஞனின் வாயைக் கட்டும் என்பதற்குக் கொல்லிமலையிலேயே ஒரு பழஞ்சான்று இருக்கிறது. இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாடல்கள் இரண்டு, 152ஆவதும் 153ஆவதும். பின்னதில் ஓரியிடம் பரிசில் பெற்ற கூத்தர் கூட்டம், பொன்னணியும் யானையும் கிடைத்துப் பசி தீர்ந்தபின், வாத்தியம் ஒலிக்க ஆடுவதையும் பாடுவதையும் மறந்துவிட்டதாகப் புலவர் சொல்கிறார். அவர் சொன்னது வள்ளலின் பெருமைக்காக. இன்று படிக்கும்போது அது கலைஞனுக்கும் புரவலனுக்கும் இடையிலான உறவைப் பற்றிய மிகப் பழைய அவதானிப்பாகவும் எனக்குப் படுகிறது. கலைஞன் பட்டினி கிடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை; எந்தக் கலைஞனும் கிடக்கக் கூடாது. கொடுக்கிற கை எது என்பதைப் பொறுத்துக் கலையின் வாய் திறக்கிறது அல்லது மூடுகிறது, அவ்வளவுதான்.

சபா உலகத்துக்கு அருகிலேயே பிறந்து, அதைத் தாண்டிச் சென்ற ஒரு படைப்பு சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’. 1963இல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, பின்னர் மேடைக்கும் போனது. பணக்கார அமெரிக்கச் சீமாட்டி ஒருத்தி தென்னிந்தியக் கல்யாணத்தைப் பார்க்க ஆசைப்பட்டு, முழுச் செலவையும் ஏற்று, அதை வாஷிங்டனுக்கே வரவழைக்கிறாள். அப்பளம் இடுவதிலிருந்து ஜானவாசம் வரை எல்லாமே காட்சிப் பொருளாகிறது. சடங்கைக் காசு கொடுத்து வாங்கலாம் என்னும் நிலையை இன்றைய பிரம்மாண்டக் கல்யாணங்களுக்கு அரை நூற்றாண்டு முன்பே சாவி பார்த்துவிட்டார். ஆனால் அவர் சிரிப்பில் கோபம் இல்லை. அதனால்தான் எல்லோரும் அதை நேசித்தோம்.

கோபத்தோடு சிரித்தவர்கள் தெருவில் இருந்தார்கள். 1980இல் வங்காள நாடகாசிரியர் பாதல் சர்க்கார் சோழமண்டலத்தில் நடத்திய பயிற்சிப் பட்டறை பலரைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுவந்தது. 1984இல் தொடங்கிய சென்னைக் கலைக்குழு பிரளயனின் இயக்கத்தில் விலைவாசியையும் சந்தையையும் முச்சந்தியில் பேசியது. தொண்ணூறுகளில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் கலைப்பயணங்கள் சபாக்கள் ஒருபோதும் போகாத ஊர்களுக்குப் போயின. புரிசைக் கூத்து மன்றத்தார் எழுத்தாளர் மார்க்கேஸின் சிறகு முளைத்த கிழவன் கதையைக் கூத்தாக்கினார்கள். வானத்திலிருந்து விழுந்தவனைக் கோழிக்கூண்டில் அடைத்து, கட்டணம் வாங்கிக் காட்டும் குடும்பத்தின் கதை அது. வியாபாரம் அற்புதத்தை எப்படி விழுங்குகிறது என்பதைக் கட்டியங்காரன் வாய்வழி கேட்கும்போது அது லத்தீன் அமெரிக்கக் கதையாகவே தோன்றாது. இத்தாலியில் நாடகாசிரியர் தாரியோ ஃபோ 1974இல் விலையேற்றத்தைக் கண்டு பொங்கிய பெண்கள் பல்பொருள் அங்காடியிலிருந்து சாமான்களை அள்ளிக்கொண்டு போவதை முழு நீள நகைச்சுவையாக்கினார். அதற்கு ஈடாகத் தமிழில் ஒரு நாடகம் இன்னும் எழுதப்படவில்லை. ஃபோவுக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. கோமாளி மரபைத்தான் அவரும் நம்பினார்.

தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளையும் இன்றைய தனிநபர் மேடைச் சிரிப்பையும் பற்றி இங்கே அதிகம் சொல்ல ஏதுமில்லை. திறமை இருக்கிறது. இரண்டு விளம்பர இடைவேளைகளுக்கு நடுவே நின்றுகொண்டு விளம்பரத்தைக் கேலி செய்ய முடியாது.

ஆடி 17, 18 தேதிகளில் கொல்லிமலையின் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா அரசு விழாவாக நடக்கிறது. நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கலை நிகழ்ச்சிகளைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுக்காமல், ஒரு முழு இரவைக் கூத்துக்கும் கோமாளிக்கும் விடுங்கள். போக்குவரத்தும் சாப்பாடும் நியாயமான சம்பளமும் கொடுங்கள். என்ன பேச வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். நாடகம் எழுதுகிற இளைஞர்களிடம் இன்னொன்று. தவணை வசூலிக்க வருகிறவனையும், சாமையை வாங்கிப் பொட்டலம் போட்டு விற்கிறவனையும் பாத்திரமாக்கி ஒரு நகைச்சுவை எழுதுங்கள். அதைச் சென்னையில் அரங்கேற்றுவதற்கு முன், மலைமேல் உள்ள சோளக்காட்டில் சந்தை நாளன்று போட்டுப் பாருங்கள். மலைச்சனங்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே சிரிக்க மறுக்கிறார்கள் என்று கவனித்துத் திருத்துங்கள்.