முதல் சனி, மூன்றாம் சனி

ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை, நீதிமன்ற வளாகத்தில், மனுதாரர் தம் குழந்தையைப் பார்க்கலாம். நாளும் நேரமும் வழக்குக்கு வழக்கு மாறும். வாசகம் பெரிதாக மாறாது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சில் இது 'புள்ளையைக் காட்டுற ஆர்டர்'. கணவனும் மனைவியும் பிரிந்தபின் பிள்ளையிடமிருந்து விலகிப்போன தகப்பனையோ தாயையோ மறுபடி பிள்ளையிடம் கொண்டுசேர்க்க நம் நீதிமன்றங்கள் முதலில் கையிலெடுப்பது இதைத்தான். பெரும்பாலும் கடைசியாகக் கையில் மிஞ்சுவதும் இதுவே. பிள்ளை உண்மையிலேயே சேர்கிறதா என்பதுதான் என் கேள்வி.

இந்த உத்தரவின் அருமை தெரிய வேண்டுமானால் பஞ்சாயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். காவிரிப் படுகைக் கிராமங்களில் மணமுறிவு என்பது பல சாதிகளுக்கு வெகுகாலம் பஞ்சாயத்தில் தீர்கிற காரியமாக இருந்தது. இன்றும் சில இடங்களில் அப்படித்தான். இரு பக்கத்துப் பெரியவர்களும் உட்காருவார்கள். நகைக்கும் சீர் சாமானுக்கும் கணக்குப் பார்ப்பார்கள். 'அத்து விட்டாச்சு' என்று பத்திரத்தில் கையெழுத்தாகும். வழக்கத்தில் இருக்கும் இந்த மணமுறிவை 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் 29ஆம் பிரிவில் விட்டுவைத்திருக்கிறது. ஒரே நாளில் முடிந்துவிடும் என்பது அதன் பலம். கோர்ட் படியேறிக் காசைக் கரைத்தவர்களுக்கு அந்தப் பலம் நன்றாகவே புரியும். ஆனால் பிள்ளை விஷயம் அண்டாவுக்கும் கட்டிலுக்கும் பிறகு, கடைசியில் வரும். கைக்குழந்தை என்றால் தாயோடு, வளர்ந்த ஆண்பிள்ளை என்றால் அப்பன் வீட்டோடு, இனி ஒருவர்மேல் ஒருவருக்குப் பாத்தியதை இல்லை என்று எழுதி முடித்துவிடுவார்கள். கணவன் மனைவியோடு சேர்ந்து பிள்ளையும் அறுபட்டுப்போகும். கோர்ட் உத்தரவு இந்த அறுப்பை ஏற்பதில்லை. நீங்கள் பிரிந்துகொள்ளுங்கள், பிள்ளைக்கு இரண்டு பேரும் வேண்டும் என்று எழுத்தில் சொல்கிறது. 2015 மே மாதம் வந்த சட்ட ஆணையத்தின் 257ஆவது அறிக்கை, கூட்டாகப் பிள்ளை வளர்க்கும் ஏற்பாட்டைச் சட்டத்துக்குள் கொண்டுவரச் சொன்னதும் இந்த எண்ணத்தில்தான். இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. இந்த ஒரு தாள் இல்லாவிட்டால், பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கக்கூடிய அப்பாக்களும் அம்மாக்களும் எத்தனையோ பேர்.

சரி, அந்த மூன்று மணி நேரத்தில் என்ன நடக்கிறது? தனி அறை இல்லாத வளாகமாக இருந்தால் வராந்தா பெஞ்சுதான். சுற்றிலும் வாய்தாவுக்கு வந்த கூட்டம். அப்பா திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்திருப்பார். கையில் ரிமோட் கார், ஒரு சிப்ஸ் பாக்கெட், போன தீபாவளிக்கு எடுத்து வைத்த சட்டை. சட்டை இதற்குள் சின்னதாகியிருக்கும். பிள்ளை அம்மாயி மடியைவிட்டு இறங்காது. "போ சாமி, உங்கப்பாதானே" என்று அம்மாயியின் வாய் சொல்லும். கை பிள்ளையின் இடுப்பை விடாது. ஆறு வயதுப் பிள்ளை அந்தக் கையைத்தான் நம்பும். கால் மணி நேரம் கெஞ்சிப் பார்த்துவிட்டு அப்பாவின் குரல் உயரும். "பாத்தீங்களா, இதுக்குத்தான் புள்ள வரமாட்டேங்குது" என்பார் கூட வந்த மாமா. பன்னிரண்டு மணிக்கெல்லாம் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். கார் பெட்டியைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள். ஆனால் வந்ததற்குக் கையெழுத்து இருக்கும். உத்தரவு நிறைவேறிவிட்டதாகக் கணக்கு.

உத்தரவு கேட்பது ஆஜரை மட்டும் என்பதால் வரும் வினை இது. 1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டம் 6ஆம் பிரிவில் ஆலோசகர்களுக்கும், 12ஆம் பிரிவில் மருத்துவ, சமூகநல வல்லுநர்களின் உதவிக்கும் இடம் வைத்திருக்கிறது. அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவர் அவர்களில் ஒருவர். அம்மாயியைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லவும், பிள்ளையைக் கூப்பிடாமல் தரையில் உட்கார்ந்து காரைத் தானே ஓட்டிக்கொண்டிரு என்று அப்பாவிடம் சொல்லவும் தெரிந்த ஒருவர். இடமும் கோர்ட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அடியோ மிரட்டலோ நடந்ததாகப் புகார் இல்லாத வழக்குகளில் தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை எழுதலாம், பெரிய கோயில் புல்வெளியை எழுதலாம், பள்ளிக்கூட ஆண்டு விழாவை எழுதலாம். காக்கிச் சட்டையையும் கறுப்புக் கோட்டையும் பார்த்து மிரண்ட பிள்ளை, அந்த மிரட்சியையும் அப்பாவின் கணக்கில்தான் ஏற்றும்.

இதைவிடப் பெரிய கேடு தாமதம். 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்கு உட்பட்ட நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும். மன்னார்குடியில் இருந்த பிள்ளையை ஒரத்தநாட்டுக்குக் கூட்டிப்போய்விட்டால் மாவட்டம் மாறிவிடும். திருவாரூர் மாவட்டத்து மேல்முறையீடு சென்னைக்கும், தஞ்சாவூர் மாவட்டத்து மேல்முறையீடு மதுரைக் கிளைக்கும் போகிறது. எந்தக் கோர்ட் என்ற வாதத்திலேயே ஒரு சம்பா பட்டம் ஓடிவிடும். பிறகு நோட்டீஸ், எதிர்மனு, வாய்தா. மூன்று வயதில் தோளில் தூங்கிய பிள்ளைக்கு நாலு வயதில் அந்த ஆள் அந்நியர். பிள்ளையை வைத்திருப்பவர் ஒரு கெட்ட வார்த்தை பேச வேண்டியதில்லை, மனதைக் கலைக்க வேண்டியதில்லை. வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தால் போதும். மனு வந்த சில வாரங்களுக்குள்ளாகவே, குற்றச்சாட்டு எதுவானாலும், கண்காணிப்போடாவது ஒரு சந்திப்புக்கு வழி செய்ய வேண்டும். மற்றதையெல்லாம் பிறகு வாதாடிக்கொள்ளலாம்.

மனதைக் கலைப்பது நடக்கவே இல்லை என்று சொல்ல வரவில்லை. நடக்கிறது. "உங்கப்பன் உன்னைப் பாக்கவா வர்றான், கேஸுக்காக வர்றான்" என்று தினமும் சோற்றோடு ஊட்டப்பட்ட பிள்ளைகளை இந்த ஊரில் யாரும் பார்க்கலாம். இதற்கு ஒரு நோய்ப் பெயரை 1985இல் சூட்டியவர் அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர். 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு அதை நோயாகச் சேர்க்கவில்லை. ஆனாலும் அந்தப் பெயர் நம் தீர்ப்புகளுக்குள் வந்துவிட்டது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஏ.கே. சிக்ரி எழுதிய தீர்ப்பு அதைப் பேசியது. இரண்டு வயது நிறைவதற்குள் தாயைப் பிரிந்து தந்தை வீட்டில் வளர்ந்த சிறுமி அவள். அப்பாவோடுதான் இருப்பேன் என்றாள். நினைவு தெரிந்து அம்மாவோடு வாழ்ந்தே பார்க்காத பிள்ளையின் விருப்பத்தை எப்படி விருப்பமாக எடுத்துக்கொள்வது என்று கேட்டு, ஓராண்டாவது தாயிடம் இருக்கட்டும் என்றது நீதிமன்றம். இது அப்பாக்களின் குறை மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைக் கவனிக்க வேண்டும்.

2024 மே மாதம் அதே நீதிமன்றம் பிரேக் போட்டது. பிள்ளைகள் தந்தையிடம் இருந்த இன்னொரு வழக்கில், இன்ன நாளில் இன்னது செய்தார் என்று குறிப்பான நடத்தையைக் காட்டாமல், மனதைக் கலைத்தவர் என்ற முத்திரையை ஒரு பெற்றோர்மேல் அவசரப்பட்டுக் குத்தக் கூடாது என்றது. இந்த எச்சரிக்கை சரியானது. முத்திரை குத்துவது எளிது. குத்தியபின் பிள்ளை சொல்லும் எதையும் யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். அறுவடைக் கூலியை டாஸ்மாக்கில் விட்டுவிட்டு வந்து அம்மாவை அடித்த அப்பாவைப் பார்த்த பிள்ளை அவரிடம் போக மறுத்தால், அதில் கலைப்பதற்கு என்ன இருக்கிறது? அதே நேரம், "எங்கம்மா சீர் சாமானைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க" என்று ஒரு ஆறு வயதுப் பிள்ளை சொன்னால், அது யார் வாய்ப் பேச்சு என்று கேட்கத்தான் வேண்டும். ஜோன் கெல்லியும் ஜேனட் ஜான்ஸ்டனும் 2001இல் இந்த இரண்டு மறுப்புகளையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார்கள். பிரிட்டனின் குடும்ப நீதிக் குழு 2024 டிசம்பரில் தந்த வழிகாட்டுதலும் அந்த வழியில்தான் போகிறது: பிள்ளை மறுக்கிறதா, அந்த மறுப்புக்கு அந்தப் பெற்றோரின் நடத்தையே நியாயமான காரணமா, இல்லையென்றால் மற்றவர் பிள்ளையின் மனதை வளைத்தாரா என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நம் நீதிபதியின் அறையில் பிள்ளையிடம் கேட்கப்படுவது பல நேரம் ஒரே கேள்விதான்: அப்பாவா, அம்மாவா? அந்தக் கேள்வியே பிள்ளையை ஒரு பக்கம் தள்ளிவிடும்.

காவிரிப் படுகைக்கு வந்தால், யாரும் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உத்தரவு கட்டுப்படுத்துவது இரண்டு பேரை. பிள்ளை வளர்வதோ அம்மாயி, தாத்தா, மாமா, சித்தி என்று ஏழெட்டுப் பேர் நடுவில். அம்மா காலையில் கடைக்கோ நடவுக்கோ போய்விட்டால் பகல் முழுக்கப் பிள்ளையின் காதில் விழுவது அவர்கள் பேச்சு. போதாக்குறைக்கு இங்கே சொந்தத்தில் கட்டிக்கொடுப்பது இன்னும் வழக்கம். அத்தை மகனையோ தாய்மாமனையோ கட்டியவள் பிரிந்து வந்தால், பகை இரண்டு வீட்டோடு நிற்காது; காதுகுத்து, புதுமனைப் புகுவிழா வரைக்கும் போகும். ஆனால் திரும்பி வரும் வழியும் அங்கேயே இருக்கிறது. அப்பாயி என்று பிள்ளை கூப்பிடும் கிழவி, அம்மாவுக்குச் சொந்த அத்தையாக இருப்பாள். மகனோடு பேச்சு இல்லாதபோதும் அவள் மட்டும் ஒரு துக்க வீட்டிலோ கோயில் கொடையிலோ பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போவாள். அம்மாவின் மனம் முதலில் இளகுவது அங்கேதான். ஆலோசகர் முதலில் கூப்பிட்டுப் பேச வேண்டியது இரண்டு கிழவிகளையும் என்பது என் உறுதியான எண்ணம். தமிழ்நாட்டில் 2005இலேயே உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் தொடங்கிவிட்டது, மாவட்டங்களுக்கும் பரவிவிட்டது. அங்கே கணவன், மனைவி, இரு வக்கீல் தவிர இன்னும் இரண்டு நாற்காலி போடுவதில் என்ன தடை?

2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், பிள்ளையைப் பார்க்க வரும் கணவரை விருந்தாளியாக நினைத்துச் சிற்றுண்டி கொடுத்து உபசரிக்க வேண்டும் என்று உத்தரவில் எழுதினார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தப் பகுதியை நீக்கியது. நீக்கியது முறைதான், அடிபட்டு வெளியே வந்தவளிடம் உபசரிப்பை உத்தரவாகக் கேட்க முடியாது. ஆனால் அந்த நீதிபதி கண்டது பொய்யில்லை. வாசலில் அப்பா நிற்கும்போது அம்மாவின் முகம் எப்படி மாறுகிறது என்பதைப் பார்த்துத்தான் பிள்ளை ஓடிவருவதா, உள்ளே ஒளிந்துகொள்வதா என்று முடிவு செய்கிறது. ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தால் பிள்ளைக்கு அவ்வளவு பாரம் குறையும்.

பணம் இன்னொரு முடிச்சு. "காசு குடுக்காதவனுக்குப் புள்ள எதுக்கு" என்று ஒரு வீட்டில், "புள்ளயக் காட்டாதவளுக்குக் காசு எதுக்கு" என்று இன்னொரு வீட்டில். இரண்டுமே தப்பு. ஜீவனாம்சம் பிள்ளையின் சோறு. பார்ப்பது பிள்ளையின் உரிமை. ஒன்றை நிறுத்தி இன்னொன்றுக்கு விலை பேசினால் நஷ்டப்படுவது பிள்ளை மட்டும்தான். கோர்ட்டுகள் இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதினாலும், பாக்கியைச் சாக்காக வைத்துச் சனிக்கிழமையைத் தட்டிக்கழிப்பதையும், சனிக்கிழமையைச் சாக்காக வைத்துப் பாக்கி வைப்பதையும் ஒரே கண்டிப்போடு கேட்பதில்லை.

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் தகப்பன்மார் இந்தப் பக்கத்தில் நிறைய. மாதம் இரண்டு சனிக்கிழமை அவர்களுக்கு எதற்கும் உதவாது. 2020இல் உச்ச நீதிமன்றம், நேரில் பார்க்க முடியாத பெற்றோருக்குத் தொலைபேசி, வீடியோ வழியாகத் தொடர்பு வைத்துக்கொள்ளும் உரிமையையும் பேசியது. தூங்கப் போகும் நேரத்தில் ஐந்து நிமிட வீடியோ கால், வாரம் நாலு தடவை. பெஞ்சில் கழியும் மூன்று மணி நேரத்தைவிட இதில் பலன் அதிகம். கூடவே லீவில் வரும்போது தொடர்ந்து சில நாள் பகல் சந்திப்பும் எழுதப்பட வேண்டும்.

இவ்வளவும் செய்து, பதினாலு வயதுப் பிள்ளை அப்போதும் வரமாட்டேன் என்றால்? அமெரிக்காவில் இத்தகைய பிள்ளைகளைப் பிடித்தமான பெற்றோரிடமிருந்து பிரித்து, அவரோடு பேசவும் விடாமல், சேர்த்துவைக்கும் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதனால் வந்த கேட்டைப் பார்த்து 2022இல் கூட்டரசுச் சட்டமே அதற்குத் தடைபோட மாநிலங்களை ஊக்கியது. 2023இல் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம், மனதைக் கலைத்தல் என்ற வாதத்தையே குடும்ப வழக்குகளில் அனுமதிக்கக் கூடாது என்றார். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். நம் வீடுகளில் அது நடப்பதைக் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் பலவந்தம் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த வயதுப் பிள்ளைக்கு எழுதும் உத்தரவில் சனிக்கிழமை வேண்டாம். அப்பாவின் போன் நம்பர் பிள்ளையிடம் இருக்கட்டும், அதை யாரும் பிளாக் செய்யக் கூடாது. பள்ளிக் கட்டணத்தை அப்பா நேராகப் பள்ளியில் கட்டட்டும், ரசீதில் அவர் பெயர் இருக்கட்டும். பொங்கலுக்கு ஒரு தடவை அப்பாயி வந்துபோகட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலோசகர் பிள்ளையைத் தனியாகப் பார்த்துப் பேசிவிட்டு நீதிமன்றத்துக்கு எழுதட்டும். பிள்ளை கேட்டால், அன்றைக்கே சந்திப்புக்கு வழி இருக்கட்டும்.