பார்பிக்யூ கரி: எண்ணெயா, சிம்னியா?

ஜூலை 4 சுதந்திர தினம் நெருங்கும்போது அமெரிக்கக் கடைகளில் கரி மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே லைட்டர் ஃப்ளூயிட் புட்டிகளையும் அடுக்கிவிடுகிறார்கள். கரி வாங்கினால் அந்த எண்ணெயையும் வாங்கியாக வேண்டும் என்று பலர் நம்புவதற்கு இந்த அடுக்கலும் ஒரு காரணம். கரியைப் பற்றவைக்க வேறு வழிகளும் இருக்கின்றன. எது நல்லது என்று தீர்மானிக்க நான்கு கேள்விகள் போதும். கரி சீராகப் பற்றுகிறதா? உணவில் வேற்று வாடை ஏறுகிறதா? ஆபத்து எவ்வளவு? நேரம் எவ்வளவு?

முதலில் கரியின் குணத்தைப் பார்க்க வேண்டும். விறகிலுள்ள எளிதில் தீப்பற்றும் வாயுக்களை முன்பே வெளியேற்றிவிட்டுத்தான் கரி தயாராகிறது. அதனால் விறகைப் போல அது சட்டென்று சுவாலை விடாது. மேற்பரப்பு காற்றோடு சேர்ந்து கனன்றுதான் எரியும். தனியே கிடக்கும் ஒற்றைக் கங்கு சூட்டை இழந்து அணைந்துவிடும். நெருங்கிக் கிடக்கும் கங்குகளோ ஒன்றுக்கொன்று சூடேற்றி நிலைக்கும். ஆகவே கரிக்கு வேண்டியவை இரண்டு: நெருக்கம், அடியிலிருந்து வரும் காற்று. மாவுப்பசை சேர்த்து அழுத்திய பிரிக்கெட், இயற்கைக் கட்டிக்கரியைவிடத் தாமதமாகப் பற்றும். ஹென்றி ஃபோர்டு 1920களில் தன் கார் ஆலைகளின் மரக்கழிவிலிருந்து பெருமளவில் செய்து விற்ற கரி அதுதான். இன்றும் அமெரிக்கக் கொல்லைப்புறங்களில் அதிகம் எரிவது அந்த வகையே.

லைட்டர் ஃப்ளூயிட் ஒரு பெட்ரோலிய வடிப்பு. அதன் மீதுள்ள பெரிய புகார் வாடை. இதில் ஓரளவு மிகை உண்டு. ஊற்றியபின் ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, பற்றவைத்து, கரியெல்லாம் சாம்பல் பூக்கும்வரை காத்திருந்தால் எண்ணெயில் பெரும்பங்கு எரிந்துபோயிருக்கும். வாடை தெரிவது அரிது. ஆனால் அந்தக் காத்திருப்புக்கே இருபது நிமிடம்போல ஆகிவிடுகிறது. வேகம் என்ற ஒரே சாதகமும் அங்கே கரைந்துவிடுகிறது. காத்திருக்காதவருக்கு வேகம் மிஞ்சும். கூடவே வாடையும் மிஞ்சும். மேலே ஊற்றிய எண்ணெயின் சுவாலை வானத்தை நோக்கி எழுவதால் சூட்டில் பெரும்பகுதி கரிக்குள் இறங்காமல் வீணாகிறது. தீ மங்குகிறதே என்று கனலும் கரிமேல் மறுபடி ஊற்றுகிறவருக்கு முகத்தில் தீப்பாயும் அபாயமும் உண்டு.

லைட்டர் ஃப்ளூயிட்டின் ஆவி காற்றையும் மாசுபடுத்துகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரக் காற்றுத்தர நிர்வாகம் 1990இல் 1174ஆம் விதியைக் கொண்டுவந்து, ஒரு முறை பற்றவைப்பதில் வெளியாகும் கரிம ஆவியை 0.02 பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 9 கிராமுக்குள் கட்டுப்படுத்தியது.

எண்ணெயில் ஊறவைத்தே விற்கப்படும் உடனடிக் கரி இதைவிட மோசம். கரி ஒவ்வொன்றும் எண்ணெய் சுமந்து வருவதால், நடுவில் தீ தணியும்போது அதையே மேலே போட முடியாது. போட்டால் வெந்துகொண்டிருக்கும் இறைச்சியில் வாடை ஏறும்.

மின்சூட்டுக் கம்பியைக் கரிக்குள் செருகினால் பத்து நிமிடத்துக்குள் அதைச் சுற்றிக் கங்கு பிடித்துவிடும். வாடை இல்லை. ஆனால் பக்கத்தில் மின்இணைப்பு வேண்டும். பெரும்பாலும் பூங்காக்களில் அதற்கு வழியில்லை. கம்பியைத் தொட்ட கரிதான் முதலில் பற்றும். மற்றதைக் கிளறிச் சேர்ப்பது நம் பொறுப்பு.

சிம்னி என்பது அடியில் துளைகளும் உள்ளே ஒரு தட்டும் உடைய தகர உருளை. கீழே இரண்டு தாள் செய்தித்தாள், மேலே கரி. காகிதம் எரிய, சூடான காற்று மேலேறி அடியிலிருந்து புதுக் காற்றை இழுக்கும். நெருக்கம், காற்று இரண்டையும் தருவது இந்தக் கருவி ஒன்றே. பதினைந்து, இருபது நிமிடத்தில் மேல்வரிசையும் நரைக்கத் தொடங்கும். அடுப்பில் பற்றாத கரியைப் பரப்பி, அதன்மேல் சில கங்குகளைக் கொட்டி மணிக்கணக்கில் மெல்லப் புகையூட்டிச் சமைப்பவருக்கும் இதுவே ஏற்றது. பற்றாத கரியில் எண்ணெய் இல்லாததால், பிறகு அது பற்றும்போதும் உணவில் வாடை ஏறாது.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் சில நிமிடம் காகிதப் புகை கண்ணைக் கரிக்கும். காகிதத்துக்குப் பதில் மெழுகுக் கட்டி வைத்தால் அது குறையும். கனலும் உருளையைத் தூக்கிக் கவிழ்க்கும் நேரமே உண்மையான ஆபத்து: தடித்த கையுறை வேண்டும், பிள்ளைகள் தள்ளி நிற்க வேண்டும். மரத்தரையிலோ காய்ந்த புல்லிலோ அதை வைக்கக் கூடாது. அடுப்பின் கம்பித்தட்டே சரியான இடம். காகிதத்தை மேலும் மேலும் திணித்தால் காற்றுவழி அடைபட்டு, வேகத்துக்குப் பதில் புகைதான் வரும்.

இந்த ஆபத்துகள் நம் கவனத்தால் தவிர்க்கக்கூடியவை. எண்ணெயின் குறையோ முறைப்படி செய்தாலும் போவதில்லை: வாடையைத் தவிர்த்தால் நேரம் மிச்சமாவதில்லை. ஆகவே முதலிடம் சிம்னிக்கு. வீட்டு முற்றத்தில் மின்இணைப்பு உள்ளவருக்கு இரண்டாவது தேர்வு மின்கம்பி. சிம்னியை மறந்து பூங்காவுக்கு வந்துவிட்டவர் லைட்டர் ஃப்ளூயிட்டை எடுக்கலாம். பற்றவைக்கும் முன் ஒருமுறை மட்டும் ஊற்றி, கரி முழுக்க நரைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். உடனடிக் கரியை வாங்கக் காரணமே இல்லை. கையிருப்பில் உள்ள எண்ணெய் தீர்ந்ததும் அடுத்த புட்டிக்கான காசைச் சேர்த்துவைத்து ஒரு சிம்னி வாங்குங்கள்; அது பல கோடைகளுக்கு உழைக்கும்.