களிமண் எப்படி ‘கள’, ‘மண’ ஆகிறது?

தமிழ்க் கணிமை பற்றிப் பேச்சு வந்தால் பத்து நிமிஷத்துக்குள் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “யூனிகோடில் நமக்கு 128 இடம்தான் கொடுத்தாங்க. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடைச்சிருந்தா பிரச்சினையே இல்லை.” இருபது வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் நிரல் எழுதுகிறவர்களைப் படுத்தும் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். எங்கள் விருத்தாசலத்தில் இருக்கிற மாதிரி ஒரு செராமிக் பட்டறைக்குச் சரக்குப் பட்டியல் போடுகிறோம் என்று வையுங்கள். பொருள் பெயரெல்லாம் தமிழில்: களிமண், ஊறுகாய் ஜாடி, பீங்கான் பொம்மை. தேடல் வசதிக்காக இவற்றைச் சொல் சொல்லாகப் பிரிக்கணும். பைத்தானில் இதற்கு எல்லோரும் போடுவது ரெஜெக்ஸின் ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ’. ஆங்கிலத்துக்கு அட்டகாசமாக வேலை செய்யும். தமிழில் ஓட்டினால் களிமண் ‘கள’, ‘மண’ என்று இரண்டு துண்டாகிறது. ஜாடி ‘ஜ’, ‘ட’. பீங்கான் நாலு துண்டு: ப, ங, க, ன. எங்கள் ஊர் ஐந்து துண்டு: வ, ர, த, த, சலம. பிழைச்செய்தி எதுவும் வராது. அதுதான் மோசம். தேடல் ஏதோ ஒரு விடையைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

காரணம் இது. யூனிகோட் ஒவ்வொரு குறியீட்டையும் ஒரு வகையில் சேர்த்திருக்கிறது. க, ள, ம எல்லாம் ‘எழுத்து’. கால், கொம்பு, புள்ளி போன்றவை ‘மார்க்’. பைத்தானின் ரெஜெக்ஸ் எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொண்டு, மார்க்கை நிறுத்தற்குறி போல வெளியே தள்ளிவிடுகிறது. இப்படிச் செய்யச் சொன்னது யூனிகோட் இல்லை. ரெஜெக்ஸுக்கென்றே இருக்கும் அதன் 18-ஆம் தொழில்நுட்பத் தரநிலை, மார்க்கையும் சொல்லோடு சேர்க்கத்தான் சொல்கிறது. பெர்ல் அப்படியே செய்கிறது. ஜாவாவில் 7-ஆம் பதிப்பிலிருந்து ஒரு ஆப்ஷனை இயக்கினால் போதும். பைத்தானின் பிழைப் பட்டியலில் இந்த விவகாரம் 2011-லேயே ஏறிவிட்டது. நடத்தை மாறவில்லை.

வேடிக்கை என்னவென்றால், 2008-இல் வந்த பைத்தான் 3 தமிழில் மாறிப் பெயர் வைக்க அனுமதிக்கிறது. களிமண் என்று ஒரு மாறி வைத்து அதில் 5 என்று போடலாம், ஓடும். அதே சொல்லை எடுத்து ‘இதில் இருப்பதெல்லாம் எழுத்துதானா?’ என்று அதே பைத்தானின் சோதனைச் சார்பைக் கேட்டால் இல்லை என்கிறது. மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்லியாச்சு, இங்கே புள்ளி வைத்தால் எழுத்துக்கணக்கில் சேராது!

“தமிழில் யாருங்க மாறிப் பெயர் வைக்கிறாங்க?” என்று கேட்பீர்கள். நானும் ஆங்கிலத்தில்தான் வைக்கிறேன். ஆனால் பெயர்ப் பெட்டியில் ‘எழுத்து மட்டும்’ என்று அந்தச் சோதனையைப் போட்ட ஒரு படிவத்தை நினைத்துப் பாருங்கள். கமலா செல்லாது. காலை எடுத்துவிட்டுக் கமல என்று அடித்தால் செல்லும். கவுன்ட்டரில் இருப்பவர் என்ன சொல்வார்? “இங்கிலீஷ்ல அடிங்கம்மா.” கமலா ஆங்கிலத்துக்குப் போய்விடுவார். தமிழ்ப் பெட்டியை யாரும் பயன்படுத்துவதில்லை என்று அடுத்த வருஷம் அதையே எடுத்துவிடுவார்கள்.

கூகுளில் பிறந்த கோ மொழி இன்னும் ஒரு படி மேல். அதில் மாறிப் பெயருக்கு எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான், மார்க் கூடாது. ஆகவே ‘பல’ செல்லும், ‘சில’ செல்லாது. இது தெரியாமல் நடந்ததும் இல்லை. அவர்களுடைய கேள்வி-பதில் பக்கத்திலேயே, விதி எளிமையாக இருக்கவேண்டும் என்று வேண்டுமென்றேதான் விட்டோம், தேவநாகரி போன்றவை இதனால் வெளியே நிற்கின்றன என்று ஒப்புக்கொள்கிறார்கள். போதாததற்கு, ஒரு பெயரை வெளியிலிருந்து அழைக்கணும் என்றால் பெரிய எழுத்தில் தொடங்கணுமாம். தமிழில் பெரிய எழுத்துக்கு எங்கே போவது? முன்னால் ஒரு ஆங்கில எக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்பது அவர்களே சொல்லும் வழி, திருப்தியில்லாததுதான் என்ற குறிப்போடு. நேர்மையைப் பாராட்டலாம், எளிமை என்ற வாதத்தை ஏற்க முடியாது. ரஸ்ட் மொழி 2021-இல் யூனிகோடின் பெயர் விதியைப் பின்பற்றிச் சேர்த்துக்கொண்டது, ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. ஸ்விஃப்டில் ‘விருத்தாசலம்’ எத்தனை எழுத்து என்று கேட்டால் 7 என்று நம்மைப் போலவே எண்ணிச் சொல்கிறது. பைத்தான் சொல்வது 12.

இப்போது 128 இட வாதத்துக்கு வருகிறேன். யூனிகோடின் இந்திய எழுத்து அட்டவணைகள் இஸ்கி தரத்திலிருந்து வந்தவை. தேவநாகரிக்குத் தைத்த சட்டையைத் தமிழுக்கும் மாட்டினார்கள். ந-வுக்குப் பக்கத்தில் ன, ர-வுக்குப் பக்கத்தில் ற என்று அகரவரிசை குலைந்து நிற்பது அதனால்தான். அந்தக் கோபம் நியாயம். ஆனால் மாற்று என்று சொல்லப்பட்ட டேஸ்16-ஐப் பாருங்கள். 2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து அதையும் தரமாக அறிவித்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் தனி இடம், மெய்யையும் உயிரையும் கூட்டல் கழித்தலில் பிரித்துவிடலாம், நல்ல வடிவமைப்பு. ஆனால் அது உட்கார்ந்திருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். அங்கே இருக்கும் எதுவும் எழுத்து வகையிலும் வராது, மார்க் வகையிலும் வராது. மேலே சொன்ன அதே சோதனையில் யூனிகோட் தமிழ் துண்டு துண்டாகவாவது மிஞ்சியது. டேஸ்16-இல் ஒரு எழுத்துகூட மிஞ்சாது. மாறிப் பெயரும் வைக்க முடியாது. அகரவரிசைச் சிக்கலுக்கோ யூனிகோடின் தமிழ் வரிசை விதிகள் தனியாக இருக்கின்றன, நூலகத்தை அழைத்தால் தீர்ந்தது.

மாநாடு, குழு, தீர்மானம் எல்லாம் அட்டவணையைச் சுற்றியே நடந்தன. அட்டவணை மாறாது, ஒருமுறை கொடுத்த இடத்தை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதி. மாறக்கூடியது மொழிகளின் நூலகமும் அவற்றின் சோதனைத் தொகுப்பும். அந்தப் பக்கம் நம்மில் போனவர்கள் குறைவு. எழில் மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் ஓப்பன்-தமிழ் நூலகத்தில் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தருகிறார்கள். பைத்தானோடு வரும் ரெஜெக்ஸை விட்டுவிட்டு, தனியாக நிறுவும் ‘ரெஜெக்ஸ்’ என்ற நூலகத்தைப் போட்டாலும் களிமண் உடையாமல் வரும். தெரிந்தவர்களுக்குச் சரி. ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து முதல் நிரலைத் தமிழில் ஓட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு இதை யார் சொல்வது?

பயன்படுகிறவர்களுக்கு என் சோதனைச் சொற்கள்: சில, கமலா, களிமண், பீங்கான், விருத்தாசலம். உங்கள் மென்பொருளில் தேடல் பெட்டி, பெயர்ப் பெட்டி, எழுத்து எண்ணிக்கை மூன்றிலும் போட்டுப் பாருங்கள். உடைந்தால் எந்த மொழி, எந்தப் பதிப்பு என்று குறித்து, அந்த மொழியின் பிழைப் பட்டியலிலேயே பதியுங்கள்.