கறையும் நீறும்: காரைக்கால் அம்மையார் பாடல்களில் கருமையும் வெண்மையும்

காரைக்கால் அம்மையார் பாடல்களைப் பயில்வார்க்கு இரு நிறங்கள் முற்பட்டுத் தோன்றும். ஒன்று இறைவன் மிடற்றின் கருமை. மற்றொன்று அவன் மேனியில் விளங்கும் நீற்றின் வெண்மை. இவ்விரண்டும் முரண்நிறங்கள் என்றும், இம்முரணே அம்மையார் கவிதையின் உயிர்நிலை என்றும் உரைப்பது நம் வகுப்பறைகளில் வழக்காகிவிட்டது. கருமை நஞ்சு, ஆதலின் தீமை. வெண்மை நீறு, ஆதலின் தூய்மை என மாணவர் ஏட்டில் இரு பத்தி பிரித்து எழுதிக்கொள்வர். யானும் என் முனைவர்ப் பட்ட ஆய்வேட்டில் ஓர் இயல் முழுதும் இக்கருத்தை நிறுவ முயன்றேன். தேர்வாளர் ஏற்றுக்கொண்டனர், நண்பர் பாராட்டினர். அவ்வியல் பிழையுடையது என இன்று கருதுகின்றேன். பிழை எங்கே நேர்ந்தது என்பதைப் பாடல்களைக் கொண்டே காட்டுதல் என் கடன்.

அற்புதத் திருவந்தாதியில் ஒரு வெண்பா உண்டு. இறைவன் திருவுருவின் நான்கு கூறுகளை ஒரு நாளின் நான்கு பொழுதுகளோடு உவமிப்பது அது. மேனி காலைப்பொழுது; மேனிமேல் பூசிய நீறு கடும்பகல்; சடை மாலை; மிடறு செறிந்த இருள். யாவரும் அறிந்த பாடல் இது. யானும் பன்முறை மேற்கோள் காட்டியதுண்டு. ஆயினும் அதன் வைப்புமுறையை அன்று நோக்கினேனல்லேன். வெண்மையை அடுத்துக் கருமை அங்கு வரவில்லை. இடையே மாலையின் செம்மை நிற்கிறது. வெண்மைக்கு முன்னும் காலையின் செம்மை நிற்கிறது. இருளுக்குப் பின் வருவது யாது? மீண்டும் காலையே. நிறங்கள் இங்கு எதிரெதிராக நிறுத்தப்படவில்லை. ஒன்று மற்றொன்றாக மாறிச் சுழல்கின்றன. நாளுக்கு முரண்முனை இல்லை. (பாடலின் இறுதி அடுத்ததன் முதலாகும் அந்தாதி யாப்பும் இவ்வாறே சுழல்வது என்பார் உளர். அதனை வற்புறுத்த விரும்புகின்றேனல்லேன். அந்தாதியில் எதைப் பாடினும் அது சுழலத்தான் செய்யும்.)

நிறத்தைப் பொழுதாகக் கண்ட இப்பார்வை வெறுங்கற்பனை அன்று. செருமானிய உடலியல் அறிஞர் எவால்டு ஹெரிங் என்பார் 1870களில், நிறங்களை நம் கண் இணை இணையாக உணர்கிறது என ஒரு கொள்கை வகுத்தார். சிவப்பும் பச்சையும் ஓரிணை; மஞ்சளும் நீலமும் ஓரிணை; கருமையும் வெண்மையும் ஓரிணை. இதனைக் கேட்டதும் கருமையும் வெண்மையும் முரணே என அறிவியலும் ஒப்பியதாக நாம் மகிழ்தல் கூடும். அவ்வாறு மகிழ்ந்தவருள் யானும் ஒருவன். நுணுகி நோக்கின் நிலைமை வேறு. சிவந்த பச்சை என ஒரு நிறத்தை எவரும் கண்டதில்லை. அவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குவன. கருமையும் வெண்மையும் அத்தகையன அல்ல. அவற்றிடையே சாம்பல் நிறம் எத்தனையோ படிகளாக விரிந்து கிடக்கிறது. மேலும் ஓர் உண்மையை அவர் சுட்டினார். நண்பகலில் அச்செழுத்தின் கருமை கண்ணுக்கு அனுப்பும் ஒளி, விடியலின் மங்கிய வெளிச்சத்தில் வெள்ளைத்தாள் அனுப்பும் ஒளியினும் மிகுதி. ஆயினும் நண்பகலில் எழுத்தைக் கருமை என்கிறோம்; விடியலில் தாளை வெண்மை என்கிறோம். என்னை? அருகே இருப்பதனோடு ஒப்பிட்டே கண் நிறத்தைத் துணிகிறது. கருமை என்பது ஒளியின்மை எனக் கூறுவது பொருந்தாது. பெருகிய ஒளியினூடேதான் செவ்விய கருமை தோன்றும். முழு இருட்டில் கண் காண்பது கருமையும் அன்று. மங்கியதொரு சாம்பல் நிறமே.

இனி அம்மையார் மிடற்றுக் கருமையை எச்சொல்லால் குறித்தார் என்பதைக் காண்போம். மற்றொரு வெண்பாவில் அதனை இருளின் உருவம் என்பேனோ, பெருமேகம் என்பேனோ, நீலமணி என்பேனோ என மூன்று உவமை தேடி ஐயுறுகின்றார். செஞ்சடையும் வெண்மதியும் அப்பாட்டில் உடன் வருகின்றன. அம்மூவகை ஐயத்துக்கும் எழுவாயாக இறுதியில் வைத்த சொல் ‘ஒளி’ என்பது. கண்டத்தின் கறை என்றோ நிறம் என்றோ கூறியிருக்கலாம், கூறினாரல்லர். கருமையை ஒளி என்கின்றார். கருமையை ஒளிக்குப் பகையாகக் கொண்ட என் பழைய இயலுக்கு இவ்வொரு சொல் போதிய மறுப்பாகும். அன்று இப்பாடலை ‘முரண்தொடை நயம்’ என ஒரே வரியில் கடந்து சென்றிருக்கின்றேன்.

பண்டைத் தமிழ் வழக்கும் இதற்கு அரண் செய்யும். தொல்காப்பிய உரியியலில் கறுப்பு என்னும் சொல்லோடு உடன்வைத்து ஓதப்படுவது வெளுப்பு அன்று, சிவப்பு. அவ்விரண்டும் வெகுளியைக் குறிக்கும் என முதலிற் கூறி, நிறத்தைக் குறித்தற்கும் உரிய என்பதைப் பின்னரே ஆசிரியர் கூறுகின்றார். உணர்வு முன், நிறம் பின். வள்ளுவர் கூடாவொழுக்கத்தில் குன்றிமணியை உவமையாக எடுத்தபோது, கருமைக்கு மறுதலையாக நின்றது அதன் செம்மையே. வெண்மையோ அவரிடத்துப் பெருமை பெறவில்லை. புல்லறிவாண்மையில், தம்மை அறிவுடையராக மதிக்கும் செருக்குக்கு வெண்மை என்றே பெயரிட்டார். கற்றாரிடத்தும் காணப்படும் அறியாமையை வெளிறு என்றார். மரத்தைப் பிளந்து பார்த்தவர்க்கு இச்சொல்லாட்சி எளிதில் விளங்கும். வெளிறிய பகுதி விரைவில் உளுத்துப்போகும். கருத்து இறுகிய உள்மரத்தைத்தான் வைரம் பாய்ந்தது எனத் தச்சர் தேர்வர். கருமை உறுதிக்கும் வெண்மை வறுமைக்கும் நின்ற ஒரு மொழியில், கருமை தீது, வெண்மை நன்று என்னும் சூத்திரத்தை எங்கிருந்து பெற்றோம்?

கருமையையும் வெண்மையையும் இணைத்துப் பாடிய பழம்பாட்டு இல்லையோ எனின், உண்டு. புறநானூற்றின் 58ஆம் பாட்டு. பாடியவர் காரைக்காலுக்கு வடக்கே அதே கடற்கரையில் அமைந்த காவிரிப்பூம்பட்டினத்தைச் சேர்ந்த காரிக்கண்ணனார். சோழன் பெருந்திருமாவளவனும் பாண்டியன் பெருவழுதியும் ஒருங்கிருந்த காட்சியைக் கண்டு, வெண்ணிறப் பலதேவனும் கருநிற மாயோனும் ஒருங்கு நின்றாற்போல உள்ளீர் என்றார். இரு நிறமும் இங்கு உடன்பிறந்தன, நட்புக்கு உவமையாயின. இவ்வொற்றுமை நீங்காதிருக்க வேண்டுமென்பதே புலவரின் வேண்டுகோள். மாயோனின் கருமையை அவர் நீலம் என்னும் சொல்லால் குறித்தமையும் நோக்கத்தக்கது. காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றில் இன்றும் சனிபகவானைக் கரியன் என்பர், கருந்துகில் சாத்துவர், எள் படைப்பர். அவனுக்கு உரிய மணியோ நீலம். கரியவனுக்கு நீலமணி எவ்வாறு பொருந்தும் என எவரும் வினவுவதில்லை. நிறத்தை வெட்டிப் பிரிக்கும் கோடு நம் முன்னோர்க்கு வேறிடத்தில் ஓடியது.

திருநள்ளாற்றுக்கே உரிய இன்னொரு செய்தியும் உண்டு. மதுரையில் அனல்வாதத்தின்போது ஞானசம்பந்தர் தீயிலிட்ட ஏடு அத்தலத்துப் பதிகம் எழுதியது. அது வேவாது எஞ்சியமையால் பச்சைப் பதிகம் எனப் பெயர் பெற்றது. எழுதப் பதப்படுத்திய ஓலை வெளிறிய மஞ்சள் நிறத்தது. அதனைப் பச்சை என்றது நிறம்பற்றி மட்டும் என்று கொள்ளல் ஆகாது; தீயால் மாறாத நிலையையும் அச்சொல் உணர்த்துகிறது. வெந்திருப்பின் ஓலை முதலிற் கரியாகியிருக்கும், பின்னர் வெண்ணீறாகியிருக்கும்.

இவ்வொழுங்கே அம்மையாரின் சுடுகாட்டைத் திறக்கும் திறவுகோல் என்பது என் துணிபு. காரைக்காலில் வணிகர் குலத்திற் பிறந்த புனிதவதியார், பேயுருவம் வேண்டிப்பெற்றுத் திருவாலங்காட்டை அடைந்தார் எனச் சேக்கிழார் கூறுவர். அங்குப் பாடிய மூத்த திருப்பதிகத்தில் ஒரு பெண்பேய் வருகிறது. வெண்பல்லும் செம்மயிரும் உடையது. அது எரிந்த கொள்ளியை வாங்கி, மசித்து, மையாக்கிக் கண்ணில் தீட்டிக்கொள்கிறது. பேயின் ஒப்பனை என நகைத்துக் கடந்துவிடுவோம். அம்மை எங்கிருந்து வந்தது? ஈமத்தீயிலிருந்து. இறைவன் பூசிய நீறு எங்கிருந்து வந்தது? அதே தீயிலிருந்து. தீ பாதியில் நின்றால் கரி, முற்றினால் நீறு. பேயின் கண்ணிற் கருமையும் இறைவன் மேனியில் வெண்மையும் ஒரே நெருப்பின் இரு பருவங்கள். இடையே நின்று எரிவது செம்மை. முன்னர்க் கண்ட வெண்பாவில் பொழுது செய்த வேலையை இங்குத் தீ செய்கிறது.

பின் ஏன் நாம் கருமையைத் தீமையாகப் படித்தோம்? சைவ சித்தாந்தப் பயிற்சி ஒரு காரணம். ஆணவ மலத்தை இருள் என்பது சித்தாந்த மரபு. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் இயற்றிய திருவருட்பயனில் இருண்மல நிலை என ஓர் அதிகாரமே உண்டு. அது தத்துவத்தில் மிகச் செவ்விய உருவகம். ஆயின் அம்மையாரோ அதற்குப் பல நூற்றாண்டு முற்பட்டவர். பிற்கால உருவகத்தை முற்காலப் பாட்டின்மேல் ஏற்றுதல் உரையாசிரியர்க்குப் பொருந்தலாம். வரலாற்று முறையில் ஆராய்வார்க்குப் பொருந்தாது. மற்றொரு காரணமும் உண்டு, கூறத் தயங்குகின்றேன். கரிய பெண்ணை மணமேடையில் குறையுடையவளாக நோக்கும் கண்ணே பாட்டையும் படிக்கிறது. பாட்டு அக்கண்ணுக்கு இணங்கியதாக யான் கண்டிலேன்.

திருவந்தாதியின் இறுதிப் பகுதியில், இறைவன் கையில் ஏந்திய தீயைப் பற்றி அம்மையார் ஒரு வினா எழுப்புகின்றார். தீயை ஏந்தி ஆடியதால் உள்ளங்கை சிவந்ததா, உள்ளங்கையின் அழகால் தீ சிவந்ததா? நிறம் எப்பொருளுக்கு உரியது, எதனிடமிருந்து எதன்மேற் படிந்தது என்பதே வினா. ஆய்வேட்டில் இதனை ஐயவணி என வகைப்படுத்தி முடித்தேன். அம்மையார் விடை கூறினாரல்லர். தீயாடுபவனையே நோக்கி, இதனைச் சொல் என்கின்றார்.