குறும்பும் நகையும்: சிறுவர் படநூல்கள் பற்றிய ஓர் ஆய்வு

நகைச்சுவை பற்றித் தமிழில் எழுந்த ஆய்வுகள் பல. எனினும், எழுத்தறியாச் சிறு குழவியர்க்கெனப் படங்களால் இயன்ற நூல்கள் அவற்றுள் இடம்பெறுதல் அரிது. குறும்பு செய்யும் சிறுவனையோ விலங்கையோ தலைமை மாந்தராகக் கொண்ட இந்நூல்கள், மூத்தோர் ஒருவர் குழந்தையை அருகிருத்திப் பக்கம் புரட்டிக் காட்டுதற்கென்றே அமைந்தவை. இவை ஒழுக்கத்தைக் கெடுக்குமோ என்னும் ஐயம் பெற்றோரிடத்தும் ஆசிரியரிடத்தும் உண்டு. அவ்வையத்தால், கதை முடிந்ததும் 'இதனால் அறியும் நீதி யாது?' என வினவும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அவ்வழக்கம் இத்தகு நூலின் உயிரைப் போக்குவது என்பதையும், நம் பழைய இலக்கியம் வேறு நெறியைக் காட்டுகின்றது என்பதையும், சங்கரன்கோவில் வட்டாரத்தைச் சிறப்பாக உளங்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். நாட்டின் இயல்பு கூறும் குறளில் (735) 'குறும்பு' என்பது வேந்தனை அலைக்கும் கூட்டத்தாரைச் சுட்டுகின்றது. அதே சொல் இன்று வீட்டுக்கு அடங்காச் சிறுவனின் செயலைச் சுட்டுகின்றது. நெல்லை வழக்கில் பெரிதும் பயிலும் 'சேட்டை' என்பதோ செயல், அசைவு என்னும் பொருளுடைய வடசொல்லின் திரிபு. சங்கரன்கோவில் பக்கத்து ஆச்சி தன் பேரனைச் 'சேட்டைக்காரப் பய' என்னுங்கால் அச்சொல்லில் கடிதலும் மகிழ்தலும் ஒருங்கே நிற்கும். இவ்விருமையே நம் ஆய்வுக்குத் திறவுகோல்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நிலைக்களன் நான்கு என்றார். அவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன. தெனாலிராமன் கதைகள் பெரும்பாலும் எள்ளலின்பாற்படும். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை பேதைமையின்பாலும் மடத்தின்பாலும் படும். கீழே விழுவனவற்றுள் ஏட்டில் எழுதியவற்றை மட்டுமே எடுப்போம் என்று, குழியில் வீழ்ந்த குருவையே எடுக்கத் தயங்கும் சீடர், கற்பித்ததைக் கொண்டு விடாத மடத்துக்குத் தக்க சான்றாவர். 1822-இல் இலண்டனில் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சேறிய இந்நூல், 1861-இல் ஆல்பிரெட் குரோக்வில் வரைந்த நகைப்படங்களுடன் அந்நகரிலேயே மீண்டும் வெளிவந்தது. ஆயின், குறும்புச் சிறுவனைப் பற்றிய நகை இவற்றின் வேறாயது. அஃது இளமையை நிலைக்களனாகக் கொண்டது. அதனை எள்ளலாகவோ பேதைமையாகவோ கொண்டு மதிப்பிடுவதனாலேயே திறனாய்வு வழுவுகின்றது.

இளமைபற்றிய நகைக்குத் தமிழில் தலைசிறந்த சான்று தருவோர் பெரியாழ்வார். சங்கரன்கோவிலுக்கு வடக்கே, இராசபாளையத்துக்கு அப்பாலுள்ள திருவில்லிபுத்தூரில் வாழ்ந்த அவர், கண்ணனின் தீம்புகளை அயலகத்தார் யசோதையிடம் முறையிடுவதாக ஒரு பதிகம் பாடினார். சொல்லளவில் அது முழுதும் குற்றச்சாட்டு. கேட்போர் உள்ளத்தில் எழுவதோ குழந்தையின் அழகிய உருவம். சொல் தடுக்கின்றது, காட்சி மகிழ்விக்கின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவமும் இத்தன்மையதே. பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழில், மணல்வீட்டைச் சிதைக்க வரும் முருகனைச் சிறுமியர் வேண்டிக்கொள்வரேயன்றி ஒறுப்பதில்லை.

இந்த அமைப்பே சிறந்த படநூல்களிலும் காணப்படுகின்றது. பாட் ஹட்சின்ஸ் என்பார் 1968-இல் வெளியிட்ட 'ரோசீஸ் வாக்' என்னும் நூலில், ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்து உணவுவேளைக்குத் திரும்பியது என்பதே சொற்பகுதி. அதனைக் கவ்வத் தொடர்ந்து பக்கந்தோறும் இடர்ப்படும் நரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நரி படத்தில் மட்டுமே உள்ளது. எனவே, படிக்கும் மூத்தோர் கூறாத ஒன்றைப் படிக்கத் தெரியாக் குழந்தை கண்டுகொள்கின்றது. டேவிட் ஷானன் 1998-இல் வெளியிட்ட 'நோ, டேவிட்!' என்னும் நூலில் தாயின் மறுப்புரைகளே சொற்பகுதி. சிறுவனின் அட்டகாசம் முழுதும் படத்தில் உள்ளது. இறுதியில் தாய் அவனை அணைத்துக்கொள்கின்றாள். திருவில்லிபுத்தூர்ப் பதிகத்தை அறிந்தார்க்கு இவ்வமைப்புப் புதிதன்று.

மேலைநாட்டிலும் இந்நிலை எளிதில் எய்தப்படவில்லை. வில்ஹெல்ம் புஷ் 1865-இல் இயற்றிய மாக்ஸ், மோரிட்ஸ் என்னும் குறும்பர் இருவரும் ஆலையில் அரைபட்டு வாத்துகட்கு இரையாயினர். 1902-இல் வணிகப் பதிப்பாக வந்த பியாட்ரிக்ஸ் பாட்டரின் முயற்குட்டி பீட்டர், கசாயம் குடித்துப் படுத்ததோடு தப்பியது. 1963-இல் மாரிஸ் செண்டாக் படைத்த சிறுவன் மாக்ஸ், ஒறுக்கப்பட்ட அறைக்குத் திரும்பியபோது அங்கே சூடான உணவு காத்திருந்தது. ஒரு நூற்றாண்டில் ஒறுப்பு அன்பாக மாறிற்று.

குறும்பைக் கண்டு நகைக்கும் குழந்தை குறும்பைக் கற்காதோ என வினவலாம். விதியை அறியாதான் விதிமீறலைக் கண்டு நகைக்க இயலாது. சுவரில் கிறுக்கலாகாது என்று அறிந்த குழந்தையே கிறுக்குவோனைக் கண்டு நகைக்கின்றது. ஆதலின் நகை, அறிவு உண்மைக்குச் சான்றாகின்றதேயன்றி அறிவின்மைக்கு அன்று. முடிவில் நீதியை வினவுவோர், குழந்தை தானே கண்டறிந்ததைப் பறித்துத் தம் உரிமையாக்கிக்கொள்கின்றனர்.

எனினும், எல்லாக் குறும்பு நூலும் ஏற்கத்தக்கன என்று நாம் கூறவில்லை. உடற்குறையையும் வறுமையையும் பிறர் பேச்சையும் இகழும் நகை, இளமைப் போர்வையில் வரும் எள்ளலாகும். வலியோரின் ஒழுங்கை எளியோன் குலைப்பது குறும்பு. எளியோனை வலியோர் வருத்துவது கொடுமை. இவ்வேறுபாட்டை நோக்கித் தேர்தல் நூல் வழங்குவோரின் கடன்.

தமிழிலும் இத்தகைய நூல்கள் வளர்ந்து வருகின்றன. சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் கஜபதி குலபதி கதையில், அசோக் ராஜகோபாலன் யானைக்குப் பிடித்த சளியைக் கொண்டே நகை விளைத்தார். பள்ளிக் கல்வித்துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்னும் படிநிலைகளில் அரசுப் பள்ளிகட்கு வழங்கியது. நூல் வந்தபின் எஞ்சுவது, அதனை எவ்வாறு பகிர்வது என்னும் வினா.

விசைத்தறித் தொழில் மிக்க சங்கரன்கோவிலில், பெற்றோர் தறியில் நிற்கும் பொழுதில் குழந்தைக்குத் துணை பெரும்பாலும் ஆச்சியே. எழுத்தறியா ஆச்சியைச் சொல்நூல் வெளியே நிறுத்தும். படநூல் உள்ளே அழைக்கும். அவர் படத்தை நோக்கித் தம் ஊர்வழக்கில் கதையை விரித்தால் அது பிழையன்று; படநூலின் இயல்புக்கு ஒத்த முறையே. ஏட்டுத்தமிழிலேயே ஒப்பிக்க வேண்டும் என ஆசிரியர் வற்புறுத்துவாராயின், ஆச்சியும் குழந்தையும் ஒருங்கே வாய் மூடுவர்.

ஆகவே, பக்கம் புரட்டுமுன் சற்றே நிறுத்துதலும், குழந்தை சுட்டிக்காட்டக் காத்திருத்தலும், நகைத்தபின் நீதி வினவாமையும் வேண்டப்படுவன. முதுகலை மாணவர் தம் களஆய்வில் நூல்களை மட்டுமன்றி, அவை பகிரப்படும் திண்ணைகளையும் வகுப்பறைகளையும் நோக்குவாராயின், இளமைபற்றிய நகைக்குத் தொல்காப்பியர் வகுத்த இடம் இன்றும் வாழ்வதைக் காண்பர்.